சத்தமில்லாத சுவர்

ஆம்புரோஸ் ஐந்தரைக்கு எழுந்தான். அடுப்புச் சாம்பலைக் கிளறி நிலக்கரி இரண்டு துண்டு போட்டான். கெண்டியில் தண்ணீர் வைத்தான். ஓட்ஸ் கஞ்சி கிண்டி, உப்புப் போட்டு, நின்றபடியே குடித்தான். முகம் மழித்தான். கழுத்துப் பட்டையைக் கட்டினான். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தான். கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கலைந்திருந்தது. அந்தப் பக்கத்தைச் சரிசெய்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது நிமிஷம். பிப்ரவரியிலிருந்து இப்படித்தான். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. மேஜைமேல் இருந்த காகிதத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினான்.

அது பார்லிமென்டுக்குப் போகிற மனு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, கடற்பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிற காலத்தில், அவற்றைச் சுடக் கூடாதென்று சட்டம் வேண்டும் என்பதுதான் சங்கதி. யார்க்‌ஷயர் கரையில் ஊருக்கு ஒரு மனு போய்க்கொண்டிருந்தது. ஸ்கார்த்விக் ஊரின் மனுவைப் பாதிரியார் ஹெபிள் எழுதியிருந்தார். கடைக்காரர், கொல்லர், மேட்டு நிலக் குடியானவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கயிறு கட்டிப் பாறையில் இறங்கி முட்டை எடுக்கிறவர்கள் முதல் நாளே போட்டுவிட்டார்கள். செத்த பறவை முட்டையிடாது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

படகுக்காரர்கள் நான்கு பேர்தான் பாக்கி. கோடையில் ரயிலேறி வருகிற நகரத்துத் துப்பாக்கிக்காரர்களைப் பாறைச் சுவருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவது அவர்கள் படகுகள். இறக்கை, சீமாட்டிகளின் தொப்பியில் செருகுவதற்காகத் தொப்பிக் கடைக்குப் போகும். மிச்சம் கடலுக்கு. நால்வரில் மூவர் ஜேபெஸ் கௌலிங் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீறினால் அவர்களும் கீறுவார்கள். ஜேபெஸுக்கு எழுதத் தெரியாது. காகிதத்தில் அவர் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டால் போதும்.

ஜேபெஸ், ஆம்புரோஸின் மாமனார். பிப்ரவரியில் மகள் திர்சாவைப் புதைத்த நாளிலிருந்து அவர் மருமகனோடு பேசுவதில்லை.

முந்தின இரவு பாதிரியார் ஆம்புரோஸின் தோளில் கை வைத்துச் சொல்லியிருந்தார். "திர்சா கடைசியா சொன்னத அவர்கிட்ட உங்க வாயால சொல்லுங்க, ஆம்புரோஸ். 'பறவைங்களக் காப்பாத்துங்க'ன்னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடினா. அத எந்தத் தகப்பன் தட்டுவான்?"

திர்சா அப்படிச் சொல்லவில்லை. அந்த அறையில் அவளோடு இருந்தது ஆம்புரோஸ் ஒருவன்தான். அடக்கத்தன்று பாதிரியார் அவனிடம் ஏதோ கேட்டார். அன்று யார் எதைக் கேட்டாலும் அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் அன்றைக்கே பிரசங்கத்தில் ஏறிவிட்டது. பாதிரியார் பொய்யர் இல்லை. அவருக்கு அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. வசந்தம் வருவதற்குள் கடைக்காரர் மனைவி, திர்சா அதைச் சொல்லும்போது ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள் என்றுகூடச் சேர்த்துவிட்டாள்.

ஊருக்கு அது நல்ல கதை. ஜேபெஸுக்கு அது சாபம். போன ஆகஸ்டில், இறக்கை மட்டும் வெட்டிக் கடலில் வீசப்பட்ட பறவைகள் உயிரோடு கரை ஒதுங்கின. திர்சா கூழாங்கல்லில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகி முடித்துவைத்தாள். பிறகு நேரே அப்பா வீட்டு வாசலில் போய் நின்று, "இனிமே உங்க படகு மீன் என் வாயில படாது" என்றாள். அக்டோபரில் ஹெர்ரிங் மீன் வந்ததும் அந்தச் சபதம் போன இடம் தெரியவில்லை. இருவரும் ஒரே தட்டில் முள் எடுத்துத் தின்றார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஜேபெஸ் நினைத்திருந்தார். பிரசங்கத்தில் பாதி கேட்டதும் எழுந்து வெளியே போனார்.

துறையில் ஜேபெஸ் நண்டுக்கூடுகளைப் படகில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகில் சாம்சன் பாய்க்கயிறு முடிந்துகொண்டிருந்தான்.

"ரூபன் எங்க, மாமா?" என்றான் ஆம்புரோஸ். ரூபன் அவருடைய படகுக் கூட்டாளி.

ஜேபெஸ் நிமிரவில்லை. "சாம்சா, அங்க நிக்கிற வாத்தியார்கிட்ட சொல்லு. ரூபன் பல்லப் புடுங்கிக்கிட்டு மூஞ்சி வீங்கிப் படுத்திருக்கான்."

"ரூபன் மூஞ்சி வீங்கிப் படுத்திருக்கானாம்" என்றான் சாம்சன்.

"கேட்டுச்சு. நான் வரேன்."

"அவரு வராராம்ணே."

"எனக்குக் காது இருக்கு. தண்ணி எறைப்பாரான்னு கேளு."

"எறைப்பேன்."

"துடுப்புப் போடுவாரா?"

"ஒரு மாதிரி போடுவேன்."

"ஒரு மாதிரி போடுவாராம்" என்றான் சாம்சன். "எங்க வீட்டு நாயும் ஒரு மாதிரி போடும்ணே. அது இன்னிக்கு சும்மாத்தான் இருக்கு, வேணும்னா அனுப்பறேன்."

ஜேபெஸின் மீசை கொஞ்சம் அசைந்தது. "அந்தக் கழுத்துப் பட்டைய அவுத்துட்டு ஏறச் சொல்லு. பாத்தா கறுப்பங்கி மாதிரி இருக்கு."

பாதிரியாரைச் சொல்கிறார். படகில் கால் வைத்தால் பாதிரியார் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, அபசகுனம். பன்றி என்றும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் வேறு பெயர் உண்டு. ஆம்புரோஸ் பட்டையை அவிழ்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினான்.

இரண்டு மணி நேரம் வேலை. மிதவையைப் பிடித்துக் கயிற்றை இழுத்துக் கூட்டைத் தூக்கி, நண்டை எடுத்து, இரை வைத்து, மறுபடி இறக்க வேண்டும். ஆம்புரோஸின் உள்ளங்கை இரண்டாவது கூட்டிலேயே உரிந்துபோயிற்று. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல அசைவற்றுக் கிடந்தது. வேலை இருந்ததால் பேச்சு தேவைப்படவில்லை. அதற்காக அவனுக்கு நன்றியாகவே இருந்தது.

எட்டாவது கூடு மேலே வந்தபோது ஜேபெஸ் வாயைத் திறந்தார். இந்த முறை நடுவில் சாம்சன் இல்லை.

"உள்பையில காகிதம் வச்சிருக்கேல்ல."

"ஆமா மாமா."

"கறுப்பங்கி குடுத்துவிட்டதா?"

"ஆமா."

ஜேபெஸ் கயிற்றைப் படகின் விளிம்பில் சுற்றி நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன். ஆமா, இல்லன்னு சொல்லு. படிச்சவன் பேச்செல்லாம் கரையில வச்சுக்க. எம்பொண்ணு அப்படிச் சொன்னாளா? பறவைங்களப் பத்தி. கடைசியில."

ஆம்புரோஸ் கூட்டைப் படகுக்குள் இறக்கிவைத்தான்.

"சொல்லியிருந்தா இங்கயே இப்பவே கீறிடறேன். போற உயிரோட வாக்கு, அதுக்கு எதிரா நிக்க நான் யாரு. அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உயிரோட இருக்கறதுங்கறது வேற கத. அது உனக்கு வேணாம். சொன்னாளா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நான்கு படகும் கைக்கு வந்துவிடும். வரப்போகிற கோடையில் எத்தனையோ ஆயிரம் பறவை பிழைக்கும். திர்சாவுக்கும் அது பிடித்த காரியம்தான், அதில் பொய்யே இல்லை. ஆம்புரோஸ் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். மூன்று மாதத்தில் பத்து வயது ஏறியிருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல மாமா" என்றான். "பறவைங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

"அப்ப ஊரே சொல்லுது?"

"என்னக் கேட்டாங்க. என்ன கேட்டாங்கன்னே தெரியாம நான் தலையாட்டிட்டேன். தெரிஞ்சப்புறமும் மறுக்கல. தப்பு என்னோடது."

ஜேபெஸ் கூட்டுக்குள் கைவிட்டு ஒரு நண்டை எடுத்தார். சின்னது. கடலில் திரும்பப் போட்டார்.

"மூணு மாசம்" என்றார்.

"ஆமா மாமா."

"ராத்திரியும் பகலும் அதையே மென்னுக்கிட்டுக் கெடந்தேன்டா."

ஆம்புரோஸ் கூட்டில் இரை வைத்துக் கடலில் இறக்கினான். கொஞ்சம் கழித்து ஜேபெஸ், "காகிதத்த உள்ளயே வை. நனஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மிதவையை நோக்கித் துடுப்பை இழுத்தார். அந்தக் கதை முடிந்தது என்று ஆம்புரோஸ் புரிந்துகொண்டான். கீறல் இல்லை. பாதிரியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. பல் பிடுங்கின இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

பனிமூட்டம் கிழக்கிலிருந்து வந்தது. வருகிறது என்று பார்த்து முடிப்பதற்குள் படகைச் சுற்றி நின்றது. ஏழடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போவோம்" என்றார் ஜேபெஸ். குரலில் அவசரம் இல்லை.

அவரிடம் திசைகாட்டி கிடையாது. ஸ்கார்த்விக் படகுக்காரர் யாரிடமும் கிடையாது. ஊர்த் துறைக்கு வடக்கே உள்ள பாறையில் ஸ்கவுட் என்கிற கறுப்புப் பறவைகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கும். அவற்றின் குரல் தடித்த உறுமல். துறைக்குத் தெற்கே, அதன் ஓரத்திலிருந்தே தொடங்குகிற செங்குத்துச் சுவரில் கிட்டிகள். வெள்ளைப் பறவை, தன் பெயரையே சொல்லிக் கத்தும். நடுவில் துறை மண்ணும் கூழாங்கல்லும்தான். அங்கே எந்தப் பறவையும் கூடு கட்டாது. ஆகவே மூட்டத்தில் வழி சுலபம். வடக்கே உறுமல், தெற்கே கூச்சல். இரண்டுக்கும் நடுவில் சத்தமில்லாத இடம்தான் வாசல். அதன் மத்தியைப் பார்த்துத் துடுப்புப் போட்டால் படகின் மூக்கு கூழாங்கல்லில் இடிக்கும். ஜேபெஸின் அப்பா அப்படித்தான் வீடு வந்தார். அவருடைய அப்பாவும்.

இருவரும் துடுப்புப் போட்டார்கள். ஜேபெஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரிய அலை இல்லாததால் கரையின் இரைச்சல் மூட்டத்தில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கேட்டது. அதை நம்ப முடியாது.

"வடக்க உறுமுது பாரு" என்றார். "தெற்க, அதோ. கேக்குதா?"

"கேக்குது."

"நடுவுல ஒண்ணுமில்ல. அதான் வாசல். நேரா போ."

நேராகப் போனார்கள். உறுமல் ஒரு பக்கம் பின்வாங்கியது. கூச்சல் மறுபக்கம் தள்ளியே நின்றது. நடுவே நல்ல விசாலமான அமைதி. ஆம்புரோஸுக்கு அது பிடித்திருந்தது. கண்ணும் இல்லை, காதும் இல்லை, கை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே எத்தனை நேரம் வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது.

தலைக்கு மேலே, ஒரு கூரை உயரத்தில், ஒரு பறவை கத்தியது. கிட்டி-வேக். உடனே பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

ஜேபெஸின் துடுப்பு நின்றது.

"கிட்டி வாசல்ல ஏது" என்றார் மெதுவாக. அடுத்த மூச்சில் கத்தினார். "பின்னால தள்ளு! பின்னால, பின்னால!"

ஆம்புரோஸ் துடுப்பை எதிர்ப்பக்கமாகத் தள்ளினான். நீர் உள்வாங்கியபோது, படகின் முன்முனைக்கு ஒரு கையளவு முன்னால், எருமை முதுகு போலக் கறுத்த பாறை ஒன்று பாசி வழிய எழுந்தது. அவனுடைய துடுப்பின் இலை அதில் பட்டு முறிந்தது. படகின் பக்கவாட்டில் நெடுக ஒரு கரகரப்பு ஓடியது. பிறகு நீர் நிறைந்து அவர்களைத் தூக்கிக் கடல் பக்கமாக விட்டது. ஜேபெஸ் நாற்பது இழுப்பு பின்னால் தள்ளினார். நிறுத்தியபோது அவருடைய தாடையிலிருந்து வியர்வை சொட்டியது.

ஆம்புரோஸின் இதயம் அடித்துக்கொண்டது. அது தன்னுடையதுதான் என்று உணர அவனுக்குச் சிறிது நேரம் ஆயிற்று. சாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவனுக்குத் தெரியவந்த முதல் விஷயம் அது.

மூட்டம் ஒரு கணம் மெலிந்தது. சுவர் தெரிந்தது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காக விளிம்புகள். விளிம்பு முழுக்கப் பழைய கூடுகளின் காய்ந்த சேறு. பறவை இல்லை. இரண்டே இரண்டு மட்டும் ஒரு மூலையில், ஒன்றின் கழுத்தோடு மற்றது கழுத்தை வைத்துக்கொண்டு, இந்த வருஷத்துப் பாசியைக் குழைத்துக் கூட்டுக்கு அடித்தளம் போட்டுக்கொண்டிருந்தன.

"துறைக்கு ஒட்டின சுவரு இது" என்றார் ஜேபெஸ். "போன வருஷம் இங்கதான் படக நிறுத்தினேன். கிட்டக்க இருக்கு, துடுப்புப் போட வேலையில்ல, சுட வசதி. எட்டு பேரு வந்தானுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சுவரு காலி."

ஆம்புரோஸ் காலிக் கூடுகளை எண்ணிப் பார்த்தான்.

"காலியாயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். பாத்தவன் நாந்தானே. கண்ணுக்குத் தெரிஞ்சது காதுக்குத் தெரியல மாப்ள. இது அம்பது வருஷமாக் கேட்ட காது. சத்தமில்லன்னா வாசல்னு போயிடுச்சு. வாசல நானே அகலப்படுத்தி வச்சிருக்கேன், பாறைக்கு மேல வரைக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். வாளி இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, சுவரைப் பார்த்து, "ரொம்ப உபகாரம்மா" என்றார். பிறகு யோசித்து, "இதுல எது பொண்ணு எது ஆணுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றார்.

ஆம்புரோஸுக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. தொப்பி இல்லை. தலையைத் தாழ்த்தினான். அந்த இரண்டுக்கு எதுவும் தெரியாது. தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு கத்தின. அது போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து வடக்கு நோக்கி, உறுமலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரைத் துடுப்பில் ஊர்ந்து வந்தார்கள். துறையில் சாம்சன் வாளியைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, துடுப்ப நாய் கடிச்சிடுச்சா?"

"பாற கடிச்சிடுச்சு" என்றார் ஜேபெஸ். நண்டுக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். "எடு மாப்ள அத."

ஆம்புரோஸுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் எண்ணெய்த் துணியைப் பிரித்தான். பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினான். ஜேபெஸ் பென்சிலை முஷ்டிக்குள் பிடித்து, காகிதம் கிழியும்படி, குறுக்கும் நெடுக்கும் கீறினார். அதன் பக்கத்தில் ஆம்புரோஸ் அவருடைய பெயரை எழுதினான்.

"அப்ப கோடைக்கு வர்றவங்கள என்னண்ணே பண்றது?" என்றான் சாம்சன்.

"வேணும்னா மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போ. துப்பாக்கிய ஸ்டேஷன்லயே வச்சுட்டு வரச் சொல்லு."

"பாதிரியார் ஜெயிச்சுட்டாருன்னு சொல்லுங்க."

"அவரு இல்ல. மேல ரெண்டு பேரு இருக்காங்க. நீயும் ஒரு நாளைக்கி மூட்டத்துல வருவேல்ல, அப்பத் தெரியும்." பென்சிலை நீட்டினார். சாம்சன் அவர் முகத்தையும் முறிந்த துடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு தன் கீறலைப் போட்டான். மற்ற இரண்டு பேரிடமும் தானே காட்டுவதாகச் சொல்லிக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போனான்.

மாமனும் மருமகனும் கூடைமேல் உட்கார்ந்தார்கள். ஆம்புரோஸுக்குப் பசித்தது. ஜேபெஸ் தன் மதியத்து ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவனிடம் கொடுத்தார். அவன் உப்பும் ரத்தமும் பட்ட கையாலேயே வாங்கித் தின்றான். ருசியாக இருந்தது.

"அன்னிக்கு ஆளனுப்பினே" என்றார் ஜேபெஸ். "கடல் தண்ணி வத்திக் கெடந்துச்சு. படகு கரையேற ஒரு மணி நேரமாச்சு. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"தெரியும் மாமா."

"பறவைன்னு சொல்லல. சரி. அப்ப என்னதான் சொன்னா?"

ஆம்புரோஸ் அதை யாரிடமும் சொன்னதில்லை. பிரசங்கத்துக்கு ஆகிற வார்த்தை அல்ல என்பதால் யாரும் திருப்பிக் கேட்டதும் இல்லை.

"நீங்க வந்துக்கிட்டிருக்கீங்கன்னு சொன்னேன். கண்ணத் தொறந்தா."

"என்னப் பத்தியா சொன்னா?"

"உங்களப் பத்தித்தான்."

"திட்டினாளா?"

"கொஞ்சம்."

ஜேபெஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். "சொல்லு."

"'அப்பாவ நல்லாக் கையத் தேச்சுக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லு'ன்னா. 'போன தடவ தலையத் தடவிக் குடுத்துட்டுப் போனாரு, ரெண்டு நாளு தலையணையெல்லாம் மீன் நாத்தம்.'"

கிழவர் தன் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்துப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று ஆம்புரோஸ் எட்டிப் பார்க்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"இல்ல மாமா. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு சொன்னா. அதுக்கப்புறம் பேசல."

"என்ன?"

"'வேண்டாம், ஒண்ணும் சொல்லாத. அப்படியே வரட்டும்.'"